மச்சான் காருக்குப் பாலிஷ் போட்டது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கம்பெனி புது வருசத்துக்குக் கொடுத்த டைரி. ஏழு மாதமாக மேசை மேல் வெறும் காகிதமாகக் கிடந்தது. இன்று எழுத விசயம் கிடைத்திருக்கிறது.

காலை ஏழு மணிக்கு மச்சான் தாமோதரன் தன் காரைக் கொண்டுவந்து எங்கள் போர்டிகோவில் நிறுத்தினார். தமயந்தியின் அண்ணன். அன்னூரில் அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். செப்டம்பர் நாலாம் தேதி அவர் மகள் இனியாவுக்குக் கல்யாணம்.

"அங்க சுண்ணாம்பும் பெயிண்டுமா தெறிக்குதுங்க மாப்ள. கருப்புக் காரு வேற. இருவது நாள் உங்ககிட்ட இருக்கட்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு இதுலதான் கூட்டிட்டு வரோணும்."

தமயந்தி ஏழு நாற்பதுக்குப் பள்ளிக்கூட வேன் ஏறினாள். பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். வேன் ஒரு நிமிடம் தாமதித்தாலும் மன்னிக்க மாட்டாள். மச்சான் காப்பி குடித்து முடித்தபோது எட்டரை.

"ஆபீஸ் போகலீங்களா?"

"இன்னைக்கு லீவுங்க மச்சான்."

சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

லீவு. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று மச்சான் காரைக் கழுவினேன். போர் தண்ணியில், பாத்திரம் விளக்கும் சோப்பை நுரைத்து, பழைய துண்டால் அழுத்தித் துடைத்தேன். பதினொரு மணி வெயிலில் கார் சுடச்சுட இருந்தது. பாதி தண்ணீர் துடைக்கும் முன்னே காய்ந்துவிட்டது. பரவாயில்லை, சுத்தமாகிவிட்டது.

பன்னிரண்டரைக்குப் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுத்தமாகவில்லை.

காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். கதவு, பானட், கூரை எல்லா இடத்திலும் உப்புத் தண்ணி வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் விட்டிருந்தது. அதற்கு அடியில், துண்டு போன வழியெல்லாம் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தபால் ஆபீசில் முப்பது வருசம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

"உப்புத் தண்ணில கழுவுனயா சாமி?"

"ஆமாங்க்கா."

"நல்ல தண்ணில கழுவோணும். பாவம், காரு நல்லா இருந்துச்சு." கிளிப் மாட்டி முடித்துவிட்டுக் கேட்டார். "இன்னைக்கும் லீவா?"

கார் உறையை எடுத்து மூடினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாட்டுக்கே லீவு. நிம்மதியாக இருந்தது.

தமயந்தி கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள். "அண்ணன் காரை என்ன இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க?" என்றாள். தூசி படக்கூடாதல்லவா என்றேன். அண்ணன் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மூன்று நாள் போனில் வீடியோ பார்த்தேன். உலகமெங்கும் ஆண்கள் கார்களுக்குப் பாலிஷ் போட்டு ஆனந்தமாக இருக்கிறார்கள். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதாம், கிளியர் கோட். கீறல் அந்தப் பூச்சில்தான். மெஷினால் அதைத் தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு கனம் தேய்த்தெடுத்தால் கீறல் காணாமல் போகும். அதற்கு மேல் தேய்த்தால் பூச்சே காணாமல் போகும். இரண்டாவது வாக்கியத்தை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் பஃபிங் மெஷின் வாங்கினேன். கையில் தூக்கினால் இரண்டு வயதுக் குழந்தை கனம். கூடவே காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை டப்பா ஒன்று, மஞ்சள் ஸ்பாஞ்ச் பேட் இரண்டு, வெள்ளைப் பேட் ஒன்று, ஓரங்களில் ஒட்ட மாஸ்கிங் டேப்.

"கார் வாஷ் வெச்சிருக்கீங்களா சார்?" என்றான் கடைக்காரன்.

ஆமாம் என்றேன். அடுத்த கேள்வி "எந்த ஏரியாங்க?" என்று வந்தது. வடவள்ளி என்றேன். இப்போது வடவள்ளியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது.

மெஷினைப் பரணில், பழைய மிக்சி அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். தமயந்திக்குத் திடீரென்று காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தமயந்தி வேன் ஏறி ஐந்தாவது நிமிடம் மெஷினை இறக்கினேன். இந்த முறை நல்ல தண்ணியில் கழுவி, நிழலில் ஆறவிட்டு, கதவு ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். பேடில் காம்பவுண்டை நெற்றித் திருநீறு மாதிரி நாலு இடத்தில் வைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன். பிறகு கதவில் வைக்கலாம் என்று இருந்தேன்.

முதலில் வைக்க வேண்டும். பிறகுதான் ஸ்விட்ச்.

காம்பவுண்ட் முழுவதும் பறந்தது. என் கண்ணாடியில், மீசையில், போர்டிகோ சுவரில், காலண்டர் முருகனின் மயில் மேல், மணி பிளாண்டின் ஒவ்வொரு இலையிலும். பதறிப் போய் மெஷினைக் கதவில் அழுத்தினேன். அது ஒரு குதி குதித்துக் கைப்பிடியோடு என்னையும் இழுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் ஓடியது. ஒயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல். "சாமி, எம்பட தலகாணி உறையில என்னமோ வந்து விழுந்துச்சு."

"மன்னிச்சுக்கங்க அக்கா. தொவச்சுத் தந்துடறேன்."

"தொவைக்க வேண்டாம். அந்த மெசினை அடுத்த தடவ எப்பப் போடுறேன்னு மட்டும் சொல்லு. துணியை எடுத்துக்கறேன்."

மூன்று மணி வரை சுவரைத் துடைத்தேன். மயிலின் வால் மட்டும் கொஞ்சம் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சட்டை போடத் தமயந்தி உதவினாள். ஆபீசில் ஃபைல் கட்டைத் தூக்கினேன் என்றேன். தைலம் தேய்த்துவிட்டு, "இந்த வயசுல ஆளு வெச்சுத் தூக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று எழுதாமல் இருக்க முடியாது.

தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அழுத்தக்கூடாது. நான் மெஷினை அழுத்திக்கொண்டிருந்தேன், எதிராளியை மல்லாத்துவதைப் போல. அதன் கனமே போதும். முதலில் காம்பவுண்டைக் கையாலேயே கதவில் தடவி, பேடைப் படிய வைத்து, குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். ஒரு செய்தித்தாள் பக்கம் அகலத்துக்கு மேல் போகக்கூடாது. இடமிருந்து வலம் மெதுவாக, பிறகு மேலிருந்து கீழ். கோலப்பொடி போடுகிற வேகம். ஓர் இடத்திலும் நிற்கக்கூடாது.

ஓட்டுநர் பக்கத்துப் பின்கதவு. நாலு தடவை போய்வந்து மெஷினை அணைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு படலம் காய்ந்திருந்தது. புதுத் துணியால் துடைத்தேன்.

உள்ளே ஒரு தெரு இருந்தது. ரோஸ்லின் அக்கா வீட்டுக் கேட், முருங்கை மரம், மின்கம்பி, கம்பியில் இரண்டு காக்கா. சிலந்தி வலையே இல்லை. பக்கத்தில் இருந்த முன்கதவு கழுவாத சிலேட்டு மாதிரி இருந்தது.

பத்தொன்பது வருசமாகப் பம்ப் செட் புகார்ப் பிரிவில் வேலை. மோட்டார் ஓடவில்லை, தண்ணி வரவில்லை, சத்தம் போடுகிறது என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு ஆளை அனுப்புவேன். ஒன்றையும் நானாகக் கையால் சரிசெய்ததில்லை. அரைமணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவுக்கு முன்னால் ஓர் ஆளும் தெரிந்தான். லுங்கி கட்டி, பனியனில் காம்பவுண்ட் அப்பி, வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வீட்டில் நிற்கிற ஆள். சவரம் செய்துகொண்டால் தேவலை.

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தேன் வருது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. லீவு பற்றிக்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு. மற்ற மூன்று கதவுகளும் முடிந்தன. ஆபீசிலிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கூரையும் டிக்கியும். முக்காலி போட்டு ஏறினேன். கூரையில் கிடந்த ஒயர் மேலேயே ஒரு தடவை மெஷினை விட்டுவிடப் பார்த்தேன். இப்போது ஒயரைத் தோளில் மாலை போலப் போட்டுக்கொள்கிறேன். பானட் மட்டும் பாக்கி. நாளை சதுர்த்தி, தமயந்தி வீட்டில் இருப்பாள்.

ஆகஸ்ட் 27, புதன்

கொழுக்கட்டை. பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது என்று தமயந்தி வருத்தப்பட்டாள். நான் ஒன்பது சாப்பிட்டேன்.

"உங்க ஆபீஸ்ல இந்த வருசம் பிள்ளையாருக்கு ஒண்ணும் பண்ணலீங்களா? போன வருசம் சுண்டல் கொண்டாந்தீங்க."

"இந்த வருசம் சிக்கனம் பண்றாங்க."

பத்தாவது கொழுக்கட்டை வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பானட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு மேடு உண்டு. மேட்டில் பூச்சு மெல்லிசாக இருக்கும், டேப் ஒட்டுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். டேப் தீர்ந்துவிட்டிருந்தது. ஆறு நாள் அனுபவம் இருக்கிறதே என்று தொடங்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. பானட்டின் மேலேயே வைத்திருந்தேன். யாரென்று பார்த்தேன். ஆபீஸ். அவ்வளவுதான்.

எத்தனை நொடி பார்த்தேன் என்று தெரியாது. ரப்பர் கருகிய வாசனை வந்தது. மெஷினைத் தூக்கினேன். வெள்ளைப் பேடின் முகம் கருப்பாகியிருந்தது. பேடில் கருப்பு வந்தால் பூச்சு போய் அடியிலுள்ள பெயிண்டே வருகிறது என்று அர்த்தம். துடைத்துப் பார்த்தேன். மேட்டின் மேல் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடம், பளபளப்பே இல்லாமல், செத்த மீனின் கண்போல இருந்தது.

சுற்றிலும் கார் கண்ணாடியாக மின்னுகிறது. அதனால் அந்த ஓர் இடம் தெருமுனையிலிருந்தே தெரிகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காரை உக்கடத்துக்கு ஓட்டிப் போய்ப் பெயிண்டர் ஜாபரிடம் காட்டினேன். விரலால் தொட்டார். அந்த விரலையே பார்த்தார்.

"இது அழுக்கு இல்லீங்க. கோட் போயிருச்சு. இந்த எடத்துக்கு மட்டும் அடிச்சா திட்டா நிக்கும். பானட் முழுசும் அடிக்கோணும்."

"புதன்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேணுங்க."

"ஆவணி மாசம். எங்கிட்ட ஆறு வண்டி நிக்குது. அவசரத்துல அடிச்சா கலர் சேராது, அப்புறம் எம்பேரு கெட்டுப்போகும். கல்யாணம் முடிச்சுட்டு வாங்க." பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மத்த எடமெல்லாம் யாரு பண்ணுனது?"

"நான்தான்."

"முதல் தடவையா? இருக்காதே" என்றார்.

வீடு வரும்வரை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் புளியங்கொட்டை அங்கேயேதான் இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

மச்சானுக்குப் போன் செய்தேன். பந்திக்கு எத்தனை வகை இனிப்பு என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மச்சான் பதினொரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார், காரை எடுத்துப்போக. தமயந்தி காப்பி போட உள்ளே போனாள். நான் ஒன்றும் சொல்வதற்குள் அவரே உறையை உருவினார். அப்படியே நின்றார்.

"ஏனுங்க மாப்ள, இது எம்பட காருங்களா?"

டிக்கிப் பக்கம் போனார். கதவில் முகம் பார்த்தார், மீசையை நீவினார். ஒரு சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் இரண்டு நிமிடம் நீட்டிக்க ஆசையாகத்தான் இருந்தது.

"பானட்டைப் பாருங்க மச்சான்" என்றேன். "நாந்தான் கெடுத்தேன். துண்டுல துடைச்சுக் கீறலாக்கி, அதைச் சரி பண்றேன்னு மெசின் வாங்கி, மெசினை ஒரே எடத்துல நிறுத்திட்டேன். கோட் போயிருச்சு. பெயிண்டர் கல்யாணத்துக்கு முன்னாடி முடியாதுன்னுட்டார்."

குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தார். தமயந்தி காப்பியோடு வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"இங்கதான மாப்ள பூமாலை கட்டுவாங்க" என்றார். "மறைஞ்சுரும். கல்யாணம் முடியட்டும், பெயிண்ட் அடிச்சுக்கலாம். இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் இன்னொரு தடவை காரைச் சுற்றி வந்தார். வியாபாரி. ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கண்ணாலேயே அளப்பவர்.

"ஆனா இத்தனையும் எப்பப் பண்ணுனீங்க? ஒரு ஞாயித்துக்கெழமை வேலையாத் தெரியலீங்களே. ஆபீசும் போய்ட்டு..."

சாயங்காலங்களில் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். தமயந்தி என்னைப் பார்த்தாள். சாயங்காலம் எல்லாம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆபீஸ் இல்லீங்க மச்சான்" என்றேன். "ஜூன் முப்பதோட எங்க பிரிவையே மூடிட்டாங்க. ஒன்பது பேரை அனுப்பிட்டாங்க. அதுல நானும்."

காப்பி டம்ளர்களைத் தமயந்தி படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். மச்சான் படியில் உட்கார்ந்து, ஆடை படிந்த காப்பியை எடுத்துக் குடித்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க."

"உங்ககிட்டத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. மாசச் சம்பளக்காரர்னு நம்பிப் பொண்ணு கொடுத்தீங்க."

"எம் பொறந்தவளைக் கொடுத்தது உங்களுக்குங்க. கம்பெனிக்கா கொடுத்தேன்?" டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "சரி. மண்டபத்துல எனக்கு ஆளு பத்தலை. நாளன்னிக்கு வந்துருங்க. லீவு கேக்கற வேலையும் இல்லையல்லங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இருவரும் சிரித்துவிட்டோம். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை.

இதுவரை லீவு லீவு என்று எழுதிய இடங்களைப் புரட்டிப் பார்த்தேன். டைரி மேசை மேலேயே கிடக்கும், அவள் எப்போது வேண்டுமானாலும் எடுப்பாள் என்றுதான் அப்படி எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

தமயந்தி நேற்று சீக்கிரமே விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"நாப்பத்திரெண்டு நாள்."

"என்ன?"

"ஜூலை ஒண்ணுலிருந்து. சனி, ஞாயிறு, சுதந்திர தினம், சதுர்த்தி எல்லாம் கழிச்சாச்சு. நாப்பத்திரெண்டு நாள் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உங்களுக்கு டப்பா கட்டியிருக்கேன். நீங்க அதை இங்கயே உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. வீட்ல இருக்கற மனுசனுக்கு எதுக்குங்க டப்பா? நான் ஆறு மணி வரைக்கும் தூங்கிட்டு, சோத்தை மட்டும் ஆக்கி வெச்சுட்டுப் போயிருப்பேனே."

வேலை போனதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது டப்பாவுக்காக.

"பயமா இருந்துச்சு தமயந்தி" என்றேன். "உன்னைப் பார்த்து இல்ல. சொல்லிட்டா நிசமாயிரும்னு."

செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "தோள்வலின்னு தைலம் வேற தேச்சுவிட்டேன்" என்றாள். பிறகு வலது தோளில் கையை வைத்து, "இன்னும் வலிக்குதா?" என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் ஆபீஸ் போனை நானே அழைத்தேன். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம், அதற்குத்தான் இத்தனை போன். போய்க் கொடுத்தேன். வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைத்தார், பழக்கத்தில். நானும் வைத்தேன். அங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போய் நாற்காலி எண்ணினேன்.

சாயங்காலம் தமயந்தியிடம் கேட்டேன், கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று.

"உங்க இஷ்டம். ஆனா நான் பக்கத்துல நிப்பேன். பொய் சொன்னீங்கன்னா மூஞ்சி காட்டிக் கொடுத்துரும். எம்பட மூஞ்சி."

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று மாப்பிள்ளை அழைப்பு. கார் போனபோது தெருவே அதில் ஓடியது. மல்லிகையும் ரோஜாவும் பானட்டை மூடிவிட்டன. யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. இன்று விடியற்காலை முகூர்த்தம். இனியா தாலி கட்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள், கட்டியதும் அழுதாள், மச்சான் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

ஏழரை மணிக்குப் பந்தி வாசலில் நானும் தமயந்தியும் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். குருசாமிப் பெரியப்பா வந்தார். தமயந்தி அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எழுபத்தைந்து வயசு. யாரைப் பார்த்தாலும் உத்தியோகத்தை விசாரித்துவிட்டுத்தான் உடம்பை விசாரிப்பார். குரலும் பெரிது. பக்கத்தில் கைகழுவ நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"என்ன மாப்பிள்ளை, கம்பெனியெல்லாம் எப்படிப் போகுது?"

தமயந்தியின் புடவை என் கையில் உரசிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை.

"வேலை போயிருச்சுங்க மாமா" என்றேன். "ரெண்டு மாசம் ஆச்சு. தேடிட்டு இருக்கேன்."

முதல் தடவையாக வெளி ஆளிடம் சொல்கிறேன். பூமி அப்படியே நின்றது. பந்தியில் யாரோ சாம்பார் கேட்டார்கள்.

பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூண் ஓரமாக இழுத்துப் போனார். அந்தப் பெரிய குரலை அவர் தணித்து நான் கேட்டதே இல்லை.

"எங்கூட்டுப் பெரியவனுக்கும் போன தீபாவளிக்கு இப்படித்தான் ஆயிப்போச்சு. பெங்களூர்ல. எங்க யாருகிட்டயும் மூச்சு விடலை. மருமக சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரியும்னு நான் அவங்கிட்டக் காட்டிக்கலை." சுற்றும்முற்றும் பார்த்தார். "அதா, கரண்டி பிடிச்சுட்டு நிக்கறான் பாருங்க. மாப்பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை பேசறீங்களா? நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க."

பார்த்தேன். நாற்பது வயசு ஆள், புதுச் சட்டையைக் கைமடித்து, இலை இலையாகக் கேசரி வைத்துக்கொண்டு, தேவைக்கு அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தமயந்தி என் முதுகில் லேசாகத் தள்ளினாள். நான் போய் அவன் பக்கத்தில் நின்று தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, நான் சாந்தலிங்கம். தமயந்தி வீட்டுக்காரன். பந்தி முடிஞ்சதும் சேந்து உக்காந்து சாப்பிடலாமா? எனக்குத் தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு."

அவன் என்னைப் பார்த்தான். கரண்டி ஓர் இலையின் மேல் நின்றது.

"சரிங்க மாமா" என்றான்.